நீதியா? பழியா?

1864ஆம் வருஷம் ஜூன் மாதம் 18ந் தேதி நியூயார்க் நகரத்தில் வெளியான ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ என்னும் வாரப் பத்திரிகை சில படங்களைப் பிரசுரித்தது. அவை மனிதர்களின் படங்கள்தாம். ஆனால் மனிதர்கள் என்று சொல்ல நாக் கூசும் நிலையில் அவர்கள் இருந்தார்கள். தோல் போர்த்த எலும்புக் கூடுகள். முழங்கால் முட்டி மட்டும் புடைத்து, தொடை குச்சியாய் வற்றிய கால்கள். எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்கவும் சக்தியற்றுக் குழிந்த கண்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தென் ராஜ்யங்களின் பட்டாளத்திடம் சிறைப்பட்டு, பின்பு விடுதலை பெற்று வந்த வடநாட்டுச் சிப்பாய்கள் அவர்கள். மேரிலாந்து ராஜ்யத்து அன்னாபொலிஸ் ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோக்களைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள் அவை. போட்டோவை அப்படியே பத்திரிகையில் அச்சிடும் முறை அப்பொழுது வழக்கத்தில் இல்லை.

அப்படங்கள் பொய்யல்ல. அவற்றைக் கண்டு கண்ணீர் விட்டவர்களும் கொதித்தெழுந்தவர்களும் நியாயமாகவே அவ்விதம் செய்தார்கள். ஆயினும், அந்த மெய்யான படங்கள் ஊட்டிய கோபத்தின் பேரால், அதே வருஷத்தில், இன்னொரு பக்கத்துக் கைதிகளின் வயிற்றில் அடித்தார்கள். ஒரு சிறையின் கொடுமைக்குச் சாட்சி சொன்ன படம் மற்றொரு சிறையின் கொடுமைக்குச் சாக்காக மாறியது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதைத் தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்பது நமது கருத்து.

1861 முதல் 1865 வரை நடந்த அந்த யுத்தத்தின் மூலகாரணம் அடிமை முறை. கறுப்பு மக்களை ஆடு மாடுகளைப் போல் விலைக்கு வாங்கவும் விற்கவும் உரிமை கோரிய தென் ராஜ்யங்கள் ஐக்கியத்தினின்றும் பிரிந்தன. பிரிவினையை ஒப்ப மறுத்து வட ராஜ்யங்கள் போரிட்டன. தர்மம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பற்றி நமக்குச் சந்தேகமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெனில், நாம் கூறப் போவது இரு தரப்பாரும் சமம் என்ற வாதமன்று. தர்மம் தன் பக்கம் இருந்தபோதிலும் ஒரு சர்க்கார் தவறிப் போகக்கூடும் என்பதே நாம் சொல்ல வந்தது.

யுத்தத்தின் ஆரம்ப காலத்தில் கைதிகள் நெடுங்காலம் சிறையில் இருக்கவில்லை. 1862ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இரு தரப்பாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆளுக்கு ஆள் என்று கணக்கிட்டுக் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். 1863ல் இந்த ஏற்பாடு முறிந்தது. வடநாட்டுப் பட்டாளத்தில் கறுப்பர்கள் சேர்ந்து போரிடத் தொடங்கியதும், சிறைப்பட்ட கறுப்புச் சிப்பாயைப் போர்க் கைதியாக நடத்த மாட்டோம் என்று தென்னாட்டார் பிடிவாதம் செய்தார்கள். கறுப்பன் ஒருவனையும் வெள்ளையன் ஒருவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க அவர்கள் மனம் இசையவில்லை. வடநாட்டு சர்க்கார் இதற்கு இணங்க மறுத்தது சரியே. பிறகு, சேனாதிபதி கிராண்ட் வேறொரு காரணமும் சொன்னார். விடுதலையாகும் ஒவ்வொரு தென்னாட்டுச் சிப்பாயும் மீண்டும் துப்பாக்கி ஏந்தி வருவான். ஆகவே மாற்றாமல் இருப்பதே யுத்தத்தைச் சீக்கிரம் முடிக்கும் வழி என்பது அவர் கணக்கு. கணக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் சிறைக் கூடாரங்களில் கிடந்தவர்கள். பல மாதம் தங்குவதற்கென்று அமைக்காத முகாம்களில் கைதிகள் ஆயிரம் ஆயிரமாகக் குவிந்தார்கள்.

ரிச்மண்டு நகரத்தருகே ஜேம்ஸ் நதியின் நடுவிலுள்ள பெல் ஐல் என்னும் தீவு அத்தகைய முகாம்களில் ஒன்று. 1863ஆம் வருஷத்துக் குளிர்காலத்தை அங்கே கிழிந்த கூடாரங்களில் கழித்தவர்களில் நோயாளிகளைப் பொறுக்கி 1864 வசந்த காலத்தில் தென்னாட்டார் விடுவித்தார்கள். அவர்களே அன்னாபொலிஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள். யுத்த மந்திரி ஸ்டாண்டன் இச்செய்தியைக் காங்கிரஸின் யுத்த விசாரணைக் கமிட்டிக்குத் தெரிவித்தார். ஸெனேட்டர் பெஞ்சமின் வேட் தலைமையில் அக்கமிட்டி மே மாதத்தில் நேரில் சென்று பார்த்து, சாட்சியங்களைப் பதிவு செய்து, நோயாளிகளின் போட்டோப் படங்களையும் சேர்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. எழுத்தால் சொன்னால் நம்பாதவனும் படத்தைப் பார்த்து நம்புவான் என்பதைக் கமிட்டியார் நன்கு அறிந்திருந்தார்கள்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். படம் காட்டியது உண்மை. ஆனால் படத்துக்கு வாய் இல்லை. இந்த நிலை வேண்டுமென்றே செய்த கொலையா, பஞ்சத்தாலும் திறமையின்மையாலும் வந்த வினையா, அல்லது மூன்றும் கலந்ததா என்று அது சொல்லாது. நோயாளிகளிலும் மிக மோசமானவர்களைத் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்தார்கள் என்பதையும் அது சொல்லாது. இக்கேள்விகளுக்கு விடை காண விசாரணை வேண்டும். கோபத்துக்கு விசாரணை வேண்டியதில்லை. கமிட்டியார் படங்களின் கீழ் எழுதிய வியாக்கியானம் முழுவதும், எதிரி திட்டமிட்டே நம் மக்களைப் பட்டினி போடுகிறான் என்ற ஒரே பொருளைத்தான் தந்தது.

அந்த வியாக்கியானத்தின் பலனைப் பார்ப்போம். வடநாட்டுச் சிறை முகாம்களுக்கெல்லாம் அதிகாரியாக இருந்தவர் கர்னல் வில்லியம் ஹாஃப்மன். அவரும் அன்னாபொலிஸ் சென்று நோயாளிகளைக் கண்டார். திரும்பி வந்து, பதிலுக்குப் பதில் செய்வதே பொருத்தம் என்று யுத்த மந்திரிக்கு எழுதினார். ஜூன் மாதத்தில் தென்னாட்டுக் கைதிகளின் உணவுப் படி குறைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில், முகாம் கடைகளில் கைதிகள் தின்பண்டம் வாங்குவதும், உறவினர் அனுப்பும் உணவுப் பொட்டலங்களும் பெரும்பாலும் தடுக்கப்பட்டன. யுத்தம் முடிந்தபின், கைதிகளின் படியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த நிதியில் சுமார் 18 லட்சம் டாலரை ஹாஃப்மன் கஜானாவுக்குத் திருப்பிக் கட்டினார். கஜானா அதிகாரிகள் இதைச் சிக்கனம் என்று பாராட்டியிருக்கலாம். அந்தப் பணத்துக்கு வாங்கியிருக்கக்கூடிய ரொட்டியும் காய்கறியும் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த எல்மைரா முகாம் 1864ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் திறக்கப்பட்டது. சரியாக ஒரு வருஷமே நடந்தது. அந்த ஒரு வருஷத்தில் அங்கே அடைபட்ட சுமார் 12,000 தென்னாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய 3,000 பேர் மாண்டார்கள். நாலில் ஒரு பங்கு! உணவுக் குறைவால் சொறிகரப்பான் என்னும் ஸ்கர்வி நோய். முகாமுக்குள் தேங்கிய குட்டையின் அசுத்தத்தால் பேதி. உறைபனிக் காலத்திலும் பலருக்குக் கூடாரமே கதி. இவ்வளவும் பஞ்சம் பாதித்த தேசத்தில் நடந்ததல்ல. தானியமும் இறைச்சியும் ரயில் வண்டிகளில் நிரம்பி ஓடிய தேசத்தில் நடந்தது. இன்னொரு கேவலத்தையும் சொல்ல வேண்டும். முகாம் மதிலுக்கு வெளியே சிலர் மரக்கோபுரம் கட்டி, சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு, உள்ளே கிடக்கும் கைதிகளை ஜனங்களுக்கு வேடிக்கை காட்டினார்கள். அன்னாபொலிஸ் படங்களைப் பார்த்துக் கண்ணீர் சிந்திய அதே ஜனங்கள், கண்ணெதிரே இருந்த பட்டினியைக் காசு கொடுத்து வேடிக்கை பார்த்தார்கள்.

தென்னாட்டுச் சிறைகளில் நடந்ததோ இதைவிடப் பெரிய கொடுமை. ஜார்ஜியா ராஜ்யத்து ஆண்டர்சன்வில் முகாம் 1864ஆம் வருஷம் பிப்ரவரியில் ஏற்பட்டது. பதினான்கு மாதங்களில் சுமார் 45,000 வடநாட்டுச் சிப்பாய்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள்; ஏறக்குறைய 13,000 பேர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். ஆகஸ்டு மாதத்தில் இருபத்தாறரை ஏக்கர் நிலத்தில் 33,000 பேர்! கூரை என்பது இல்லை. கம்பளியையும் கந்தலையும் கழியில் கட்டி நிழல் செய்துகொண்டார்கள். நடுவே ஓடிய ஒரு சிற்றோடையே குடிநீருக்கும் அதுவே மலஜலத்துக்கும். மதிலுக்கு உட்புறம் ஒரு கட்டைவேலி. அதைத் தாண்டிக் கால் வைத்தவனைக் காவற்காரன் சுட்டுவிடுவான். அந்த ஆகஸ்டு மாதத்தின் நடுவில் ஆண்ட்ரூ ஜாக்ஸன் ரிடில் என்னும் தென்னாட்டுப் படக்காரர் அங்கே வந்து போட்டோக்கள் எடுத்தார்.

ரிடில் எடுத்த படங்களில் எலும்புக் கூடான ஒரு மனிதனின் முகம் அருகில் தெரியாது. மதிலின் மேலிருந்து பார்க்கும்போது தெரிவது கந்தல் கூடாரங்களின் கடல். உணவு வண்டியைச் சுற்றி மொய்த்து நிற்கும் கூட்டம். ஓடைக் கரையில் வரிசையாய் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். நீண்ட குழியில் பிணங்களைத் தோளோடு தோள் நெருக்கி அடுக்கும் காட்சி. ஒரு நோயாளியின் படத்தைக் கண்டு, இவன் முன்பே நோயாளி என்று யாரேனும் சாதிக்கலாம். ரிடிலின் படத்தைப் பார்த்து அப்படிச் சாதிக்க முடியாது. ஆனால் அப்படங்கள் அன்று கைதிகளில் ஒருவனையும் காப்பாற்றவில்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் சுமார் 3,000 பேர் செத்தார்கள். எதிரியின் படங்கள் சத்தமிட்டன. தன் சொந்த மதிலின் மேல் நின்று எடுத்த படங்களைத் தென்னாட்டு அதிகாரிகள் பார்த்தும் பாராதவர்களாக இருந்தார்கள்.

அன்னாபொலிஸ் ஆஸ்பத்திரிப் படங்கள் தென்னாட்டானின் குற்றத்தைக் காட்டின. அவற்றை ஏந்தி நின்ற வடநாட்டான் எல்மைராவைக் காணவில்லை. மாற்றானின் சிறை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. தன் சிறை தெரியவில்லை. இதுவே இவ்விஷயத்தின் சாரம்.

அக்காலத்திலேயே இதைக் கண்டு எச்சரித்தவர் இல்லாமற் போகவில்லை. 1865ஆம் வருஷம் ஜனவரியில், தென்னாட்டுக் கைதிகளையும் அதேவிதமாக வதைக்க வேண்டும் என்ற தீர்மானம் ஸெனேட்டில் வந்தபோது வேட் அதை ஆவேசத்தோடு ஆதரித்தார். எதிர்த்து நின்றவர் சார்லஸ் ஸம்னர். இவர் தென்னாட்டாரிடம் தாட்சண்யம் உள்ளவரா? அடிமை முறையை அவரைப் போல் ஓயாமல் கண்டித்தவர் சிலரே. அதற்காக 1856ல் தென்னாட்டு அங்கத்தினர் ஒருவர் ஸெனேட் மண்டபத்திலேயே கைத்தடியால் அவரைத் தலையில் அடித்து வீழ்த்தினார். அதிலிருந்து தேறச் சில வருஷங்கள் ஆயின. அத்தகையவர்தான், காட்டுமிராண்டித்தனத்துக்குக் காட்டுமிராண்டித்தனம் மறுமொழியாகாது என்று வாதித்தார். அடி வாங்காதவர்கள் பழி கேட்டார்கள். அடி வாங்கியவர் நியாயம் கேட்டார். தேசபக்தி எது, வெறி எது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

யுத்தம் முடிந்தபின் ஆண்டர்சன்வில் முகாமின் தலைவர் காப்டன் ஹென்றி விர்ஸ் ராணுவக் கோர்ட்டில் விசாரிக்கப்பட்டு, 1865ஆம் வருஷம் நவம்பர் 10ந் தேதி வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். தண்டனை நியாயமா என்று இங்கே நாம் ஆராயவில்லை. ஆனால் எல்மைராவுக்காக எந்த வடநாட்டு அதிகாரியும் கோர்ட்டு வாயிலை மிதிக்கவில்லை. இந்த ஒருதலைப்பட்சத்தின் விளைவு என்ன? ஆண்டர்சன்வில் என்று ஒருவன் சொன்னால் எல்மைரா என்று மற்றவன் பதில் சொன்னான். இரண்டு தலைமுறைகள் இவ்விதம் கழிந்தன. 1909ல் ஆண்டர்சன்வில் ஊரிலேயே விர்ஸுக்கு ஞாபகஸ்தம்பம் எழுப்பிவிட்டார்கள்! குற்றவாளி என்று தூக்கிலிடப்பட்டவரைத் தியாகியாக்கும் சாமர்த்தியம் தென்னாட்டாருக்கு எங்கிருந்து வந்தது? வெற்றி பெற்றவர்கள் தங்கள் குற்றத்தை மூடி வைத்ததிலிருந்தே வந்தது. இரு தரப்பிலும் சிறைகளில் மாண்டவர் சுமார் 56,000 பேர். அவர்கள் நடுவே கிடக்க, உயிரோடிருந்தவர்கள் பிணத்தை எண்ணிப் பிணத்தோடு நேர் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆயினும் செத்தவர்களுக்கு உண்மையான தொண்டு செய்தவர்கள் இருவரை இங்கே நினைவுகூர வேண்டும். ஆண்டர்சன்வில்லில் கைதியாயிருந்த டோரன்ஸ் அட்வாட்டர் என்னும் வாலிபரை மரணப் பதிவு எழுத வைத்தார்கள். அந்தப் பட்டியல் ஒருகால் வெளியே வராமல் அழிந்துவிடுமோ என்று அஞ்சி, அவர் இரகசியமாக ஒரு நகல் எழுதி ஒளித்து வைத்தார். 1865 கோடையில் அதைக் கொண்டு கிளாரா பார்ட்டன் அம்மையாரும் அவரும் கல்லறைகளுக்குப் பெயர் இட்டார்கள். ஏறக்குறைய 13,000 கல்லறைகளில் பெயர் தெரியாதவை சுமார் 460 மட்டுமே. இந்தச் சேவைக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? பட்டியலைத் திருடினார் என்று சொந்த சர்க்காரே அவரைச் சில காலம் சிறையில் வைத்தது.

மற்றவர் எல்மைராவின் ஜான் ஜோன்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாய்ப் பிறந்து, தப்பி ஓடி, எல்மைராவின் இடுகாட்டில் வெட்டியான் வேலை பார்த்தவர். முகாமில் மாண்ட தென்னாட்டுச் சிப்பாய்கள் யாருக்காகப் போரிட்டார்கள்? ஜோன்ஸைப் போன்றவர்களை அடிமைத் தளையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றவர்களுக்காக. அவர்கள் பிணங்களை அவர் எப்படியும் புதைத்திருக்கலாம், கேட்பார் இல்லை. ஆனால் ஒவ்வொருவனுடைய பெயர், பட்டாளம், இறந்த தேதி யாவற்றையும் அவர் கவனமாய்க் குறித்து வைத்தார். ஏறக்குறைய 3,000 பேரில் பெயர் தெரியாதவர் ஏழே பேர். ஸெனேட்டர்களுக்கும் மந்திரிகளுக்கும் தெரியாத தர்மம் அந்த இடுகாட்டுக் காவலருக்குத் தெரிந்திருந்தது.

சட்டமும் மெதுவாக இந்தப் பாடத்தைக் கற்றது. 1863ல் லிங்கன் சர்க்கார் வெளியிட்ட லீபர் யுத்த விதிகளின் 56ஆவது விதி, கைதியைப் பட்டினி போட்டுப் பழி வாங்கலாகாது என்றது. மூன்று விதிகள் தள்ளி 59ஆவது விதி, கைதிகள் பதில் நடவடிக்கைக்கு உட்பட்டவர்கள் என்றது. எல்மைராவுக்குப் போகும் பாதை இந்த இரண்டு விதிகளின் இடைவெளியில்தான் சென்றது. 1929ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கை அந்த வழியை அடைத்தது: கைதிகள்மீது பழிவாங்கலும் கூடாது, அவர்களை வேடிக்கைப் பொருளாக்குவதும் கூடாது. 1949ஆம் வருஷத்து உடன்படிக்கை இவ்விரண்டையும் மீண்டும் வற்புறுத்தியதோடு, உள்நாட்டு யுத்தங்களிலும் சிறைப்பட்டவரை மனிதராக நடத்தும் கடமையை விதித்தது.

படங்களை வெளியிடவே கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1992ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் போஸ்னியாவின் ஓமர்ஸ்கா, டிர்னோபோல்யே முகாம்களின் படங்கள் வெளிவந்திராவிட்டால் உலகம் அன்று விழித்திராது. அவை மோசடி என்று எழுதிய ஒரு பத்திரிகை 2000ல் லண்டன் கோர்ட்டில் தோற்றது. 2013ல் ஸிரியா தேசத்து ராணுவப் படக்காரர் ஒருவர், சிறைகளில் மாண்டவர்களின் 50,000க்கு மேற்பட்ட படங்களைத் தம் உயிரைப் பணயம் வைத்து வெளியே கடத்தினார். ஜெர்மனியின் கோப்ளென்ஸ் கோர்ட்டு அப்படங்களையும் ஆராய்ந்து, 2022 ஜனவரியில் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அங்கே படம் கோர்ட்டுக்குச் சென்றது. அன்னாபொலிஸ் படமோ சமையற்கட்டுக்குச் சென்று படியைக் குறைத்தது. வித்தியாசம் இதுதான்.

இது தூர தேசத்து விவகாரம் என்று தமிழ் மக்கள் தள்ளிவிட இயலாது. 2009ல் இலங்கையில் யுத்தம் முடிந்த காலத்தில், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட தமிழர்கள் வவுனியாப் பகுதி முகாம்களில் முள்கம்பிக்குப் பின்னால் அடைபட்டிருந்த படங்களை நாம் கண்டோம். அவர்கள் போர்க் கைதிகள்கூட அல்ல. குடும்பம் குடும்பமாக அடைபட்ட குடிஜனங்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர் நெஞ்சில் எழுந்த தீயை நாம் அறிவோம். அத்தீயைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதை எந்த அடுப்பில் இடுவது என்பதே கேள்வி.

சிலர் கேட்பார்கள்: கொடுமை செய்தவனிடம் நியாயம் பேசுவது கோழைத்தனமல்லவா? பதிலுக்கு அடித்தால்தானே அவன் அடங்குவான்? சரித்திரம் இதற்கு விடை சொல்லிவிட்டது. எல்மைராவில் குறைத்த ஒவ்வொரு பிடி உணவும் ஆண்டர்சன்வில்லில் ஒருவனுக்கேனும் ஒரு கவளம் கூட்டியதா? இல்லை. ஜூனில் படி குறைந்தது. ஆகஸ்டில் ஆண்டர்சன்வில்லில் சாவு உச்சத்தை எட்டியது. கைதிகளைக் காப்பாற்றியது பழி அல்ல. 1865ஆம் வருஷத் தொடக்கத்தில் கைதிகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு திரும்பவும் வந்ததே காப்பாற்றியது. பழி, எதிரியின் மந்திரியைத் தீண்டவில்லை, சேனாதிபதியைத் தீண்டவில்லை. தன் கையில் ஆயுதமின்றிச் சிக்கிய ஏழைச் சிப்பாயை மட்டுமே அது தீண்டிற்று. கட்டுண்டு கிடப்பவனை அடிப்பதற்கு வீரம் என்று பெயர் வைப்பவன் வீரத்தையே அறியாதவன்.

ஆகையால், பத்திரிகை நடத்துவோருக்கும் மேடையேறிப் பேசுவோருக்கும் நாம் சொல்வது இது. சிறை முகாமின் படம் கையில் வந்தால் முதலில் அதன் உண்மையைத் தீர விசாரியுங்கள். உண்மையென்று கண்டால் அஞ்சாமல் வெளியிடுங்கள், உத்தரவிட்ட கையைத் தேடுங்கள், கோர்ட்டில் நிறுத்துங்கள். மாண்டவனின் பெயரைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, நம் பக்கத்தார் கையில் உள்ள சிறையின் கதவைத் திறந்து ஒரு முறை உள்ளே பாருங்கள். அங்கே இருப்பவன் வயிறு நிறைய உண்டானா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் துணியாதவன் முதற் படத்தைத் தூக்கிக் காட்டும் தகுதியை இழந்துவிடுகிறான்.

அன்னாபொலிஸ் ஆஸ்பத்திரியில் படமெடுக்க உட்கார்த்தி வைக்கப்பட்ட அந்தச் சிப்பாய்கள் கேட்டது உணவு. மற்றொருவனின் பட்டினியை அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் பேரால் அதைச் செய்தவர்கள் அவர்களுக்கு இரண்டாம் முறை துரோகம் செய்தார்கள். அந்தத் துரோகத்தை நம் தலைமுறை செய்யாதிருக்கட்டும்.